மாதவிடாய் நின்ற பின் மனச்சோர்வு: ஹார்மோனா, மனச்சோர்வு மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

ராத்திரி மூன்று மணிக்குப் பின்கழுத்து நனைந்து விழிப்பு வருகிறது. தலையணையைத் திருப்பிப் போட்டு, போர்வையை உதறித் தள்ளினால் பத்து நிமிடத்தில் குளிர். அதன் பிறகு தூக்கம் ஏது? மறுநாள் ஒரு சின்னச் சொல்லுக்குக் கண் கலங்குகிறது, பிடித்த வேலையும் சுமையாகத் தெரிகிறது. இது மனச்சோர்வா, தூக்கம் கெட்டதால் வந்த சோர்வா? எந்த மருந்து நல்லது என்று பேச ஆரம்பிக்கும் முன் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை. நானும் முதலில் பார்க்கவில்லை.

பிறகுதான் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: எத்தனை முறை வியர்த்து விழித்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், மறுநாள் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஆறு வாரம் எழுதியதில், வியர்க்காமல் தூங்கிய ராத்திரிகள் ஒன்பதுதான். அவற்றுக்கு மறுநாள் ஒன்றில்கூட மதிப்பெண் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவரிடம் நான் சொன்ன எதையும்விட அந்த நோட்டுதான் அவருக்கு உதவியது.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கும். மனசு அதிகமாக ஆட்டம் காண்பது நின்ற பிறகு அல்ல, நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் ஏறி, அடுத்த வாரம் சரிகிறது. மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தோடு ஈஸ்ட்ரோஜனுக்குத் தொடர்பு உண்டு என்பதால், இந்த ஏற்ற இறக்கம் சிலரை நன்றாகவே உலுக்கிவிடும். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகோ மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலோ மனம் சரிந்த அனுபவம் உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை.

குறையும் ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மனசுக்கு உதவுமா என்பதற்கு ஆய்வுகள் தரும் பதிலும் இந்தக் காலக்கணக்கைப் பொறுத்தே மாறுகிறது. 2001-இல் வந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் மனச்சோர்வோடு இருந்த 50 பெண்களில் ஒரு பாதிக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று பேட்ச். பன்னிரண்டு வாரத்தில் முதல் அணியில் 68 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றதில் 20 சதவீதம். அமெரிக்காவில் 172 பெண்களை ஒரு வருடம் கவனித்த 2018 ஆய்வு, மனச்சோர்வு வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தது. வெற்று மருந்து அணியில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்குச் சோர்வு அறிகுறிகள் தலைகாட்டின, ஹார்மோன் அணியில் 17 சதவீதம். ஆனால் மாதவிடாய் நின்று வருடங்கள் ஆனவர்களிடம் 2004-இல் செய்து பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜனுக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசமே இல்லை. ‘ஹார்மோன் போட்டால் பழைய நீங்கள் திரும்பி வருவீர்கள்’ என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி ஆய்வை மட்டும் சொல்வதில்லை.

அப்படியானால் நின்ற பிறகு ஹார்மோனுக்கு வேலையே இல்லையா? உண்டு, சுற்று வழியாக. திடீர் வெக்கையையும் இரவு வியர்வையையும் அடக்குவதில் அதற்கு ஈடான மருந்து வேறு இல்லை. வெக்கை வரும் எண்ணிக்கை முக்கால்வாசி குறைந்துவிடும். வியர்வை தூக்கத்தைக் கெடுத்து, தூக்கம் மனதைக் கெடுத்திருந்தால், முதல் கண்ணியை அறுத்தாலே போதும். வியர்வையே இல்லாமல் மனம் மட்டும் இருண்டு கிடந்தால் ஹார்மோனிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஹார்மோன் சிகிச்சை மீதான பயத்தின் கதை 2002-இல் தொடங்கியது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், 10,000 பேருக்கு ஒரு வருடத்தில் 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பக்கவாதத்திலும் 8 பேர் கூடுதல். உலகம் முழுக்க பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது செய்தியில் அடிபட்டுப் போனது. இன்று 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்குத் தராசு பொதுவாக நன்மையின் பக்கம் சாய்கிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்பதும் பொய். 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுத்தால், 70 வயதுக்குள் ஏறக்குறைய 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர்.

அப்படியானால் எல்லோரும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுக்கலாமே என்றால், முடியாது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அது உட்சுவரைத் தடிக்கவைத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். துணைக்குப் புரோஜெஸ்டோஜன் கட்டாயம். அதுதான் சிலருக்கு மனதைக் கீழே இழுப்பதும்! மாதத்தில் அதை எடுக்கும் நாட்களில் மட்டும் எரிச்சலும் அழுகையும் வந்தால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இயற்கை வடிவப் புரோஜெஸ்டிரோன் பலருக்கு ஒத்துப்போகிறது. தூக்கம் வரவழைக்கும் என்பதால் படுக்கும்போது விழுங்கச் சொல்வார்கள். மாத்திரையா பேட்ச்சா என்றால் என் ஓட்டு பேட்ச்சுக்கு, அல்லது ஜெல்லுக்கு. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிறது. தோல் வழியே வழக்கமான அளவில் போனால் அந்தச் சிக்கல் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள் போன்றோருக்கு இந்தக் கதவு பொதுவாக மூடியே இருக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகளின் கதை வேறு. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, குற்ற உணர்ச்சி அரிக்கிறது, காலையில் எழவே முடியவில்லை என்றால் அது மருத்துவ ரீதியான மனச்சோர்வு. அங்கே முதல் இடம் இவற்றுக்கும் பேச்சு சிகிச்சைக்கும்தான், ஹார்மோனுக்கு அல்ல. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை வெக்கையையும் ஓரளவு குறைக்கும். ஆனால் பாலுறவு நாட்டத்தை இவை மங்கச் செய்யலாம். பிறப்புறுப்பு வறட்சிக்கும் உதவாது. பாராக்செட்டின், புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மனச்சோர்வு நோய் என்று உறுதியாகாத, வெறும் மனவாட்டத்துக்கு இந்த மாத்திரைகள் உதவும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-இல் சொன்னது. அங்கே அது பரிசீலிக்கச் சொன்னது ஹார்மோனையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனும் பேச்சு சிகிச்சையையும். சிபிடியில் ரத்தக் கட்டி பயம் கிடையாது, வெக்கையின் தொல்லையும் தூக்கமும் சீராகும். ஆனால் வாராவாரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யப் பொறுமை வேண்டும். விழுங்கிவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை.

எதைத் தொடங்கும் முன்னும் தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்த்துவிடுங்கள். மூன்றுமே மனச்சோர்வு வேஷம் போடும். 45 வயது தாண்டியவர்களுக்கு ஹார்மோன் அளவுப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை, நாளுக்கு நாள் மாறும் எண் அது.

நான் பேட்ச்சில் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து அதே நோட்டைத் திறந்து பார்த்தேன். முதல் கட்டம் கிட்டத்தட்ட காலி. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் ஆறு, ஏழு. நடுநடுவே பிடிவாதமாக ஒரு மூன்று. அந்த மூன்றுகளுக்கு ஹார்மோன் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. சிபிடிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.