‘ராம்ப் இருக்கு மேடம்’ என்றால் டேப்பை எடுங்கள்

ரசீது என் முன்னால் இருக்கிறது. கல்யாணக் கூடத்தின் வாடகை 38,000. துப்புரவு 3,000. மின்சாரம் மீட்டர்படி. கடைசி வரியில் ‘ராம்ப் 3,500’, அதாவது சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வயதில் போலியோ. முப்பத்தைந்து வயது வரை காலில் மாட்டும் காலிபர் சட்டமும் கைத்தடியுமாக ஓட்டினேன். தோள்பட்டை தேய்ந்து போனதால் பத்து வருடமாகச் சக்கர நாற்காலி. வேலை கருவூலத்தில். அடுத்தவர் பில்லில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், சொந்த விஷயத்தில் ‘ராம்ப்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அளவுகூடக் கேட்காமல் பணம் கட்டினேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.

போன தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், மீதி இரண்டையும் போடுவது நாத்தனார். எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே அக்கா. ஆகவே இந்தக் கல்யாணத்தில் நான் கீழே முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டுப் போக முடியாது. முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் பின்னால் நான் இருந்தாக வேண்டும். இதை முதல் போன் பேச்சிலேயே கூடத்துக்காரரிடம் சொன்னேன். இந்த வார்த்தைகளிலேயே சொன்னேன்.

உள்ளாட்சிக்குச் சொந்தமான சமுதாயக்கூடம் அது. குத்தகைக்கு எடுத்த ஒருவர் நடத்துகிறார். பெயரும் ஊரும் போடவில்லை, வழக்கு நடக்கிறது. அவர் சொன்ன பதில் இது: “எல்லாம் இருக்கு மேடம். உள்ள வர ராம்ப் இருக்கு. மேடைக்கும் போட்டுத் தந்துடலாம், தனியா வச்சிருக்கோம். சார்ஜ் மட்டும் கொஞ்சம் ஆகும்.” கழிப்பறை? “வெஸ்டர்ன் இருக்கு மேடம்.”

இடத்தைப் பார்த்து வரத் தம்பியை அனுப்பினேன். வாசலில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட போர்டு. பக்கவாட்டில் சரிவாக ஒன்று. கழிப்பறைப் பக்கம் ஒரு கதவில் அதே நீலப் படம். மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பினான். “அக்கா, சூப்பரா இருக்கு.” அவனைக் குறை சொல்ல மாட்டேன். நடக்கிறவன் கண்ணுக்குச் சாய்வாக எது தெரிந்தாலும் அது ராம்ப்தான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம்தான் அந்தச் சரிவை நேரில் பார்த்தேன். சமையல்கட்டு வாசலில் இருந்தது. கேஸ் சிலிண்டரையும் சாப்பாட்டு மேசைகளையும் உருட்டி ஏற்றுவதற்காகப் புடைப்புப் போட்ட இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். மேலே எண்ணெயும் பருப்புத் தண்ணீரும் காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. கைப்பிடி கிடையாது. பக்கத்தில் விளிம்புக்கட்டை கிடையாது. முன்பக்கமாக ஏற்றப் பார்த்தார்கள், முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கி, நாற்காலி பின்னால் சாய்ந்தது. அப்புறம் என்னைத் திருப்பி வைத்து, மூட்டை இழுப்பது மாதிரி பின்பக்கமாக இழுத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, பட்டுப்புடவையோடு, காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவே கல்யாணக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகளில் உள்ள ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது இதுதான். அந்தக் கூடத்தின் தரை, தெருமட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரம். அப்படியானால் முப்பதடி நீளம் வேண்டும். அங்கே இருந்தது ஏழடி. பிறகு தம்பியே டேப் வைத்து அளந்தான், முகம் சுண்டிப்போய்.

கழிப்பறைக்கு வருவோம். ‘வெஸ்டர்ன் இருக்கு’ என்றால் பீங்கான் கோப்பை இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாற்காலி உள்ளே போகுமா, கதவை மூட முடியுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பதெல்லாம் அதற்குள் அடங்காது. அங்கே கதவு இருபத்து நான்கு அங்குலம். என் நாற்காலி இருபத்தைந்தரை. வாசலில் ஒரு படி வேறு.

நீலப் படம் போட்ட கதவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். ஒருவழியாகத் திறந்தால், கட்டும்போது ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்கள்! அகலமான கதவு, சுவரில் எவர்சில்வர் கம்பி, நாற்காலி திரும்ப இடம், எல்லாமே இருந்தது. அந்த இடத்தில் உடைந்த பிளாஸ்டிக் சேர்களைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். பினாயில் கேன், துடைப்பம், யாரோ விட்டுப்போன வாழைமரக் கட்டை, இரண்டு மூட்டை பேப்பர் இலை. கோப்பைக்குத் தண்ணீர் இணைப்பே வெட்டிவிட்டிருந்தது. கட்டிடம் முடித்துச் சான்றிதழ் வாங்கும் நாளில் அது கழிப்பறையாக இருந்திருக்கும். அதற்கப்புறம் ஸ்டோர் ரூம்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிக்கவில்லை. என்னைப் போன்ற பெண்களுக்கு இது புதிதில்லை. விசேஷ வீடு என்றாலே முதல் நாளே டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். ஆனாலும் மறுநாள் பதினொரு மணிக்கு முடியவில்லை. அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அந்தக் குறுகல் கதவுக்குள் என்னை… வேண்டாம், அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது.

இப்போது மேடை. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஐந்தரைக்கே நான் தயார். ராம்ப் எங்கே என்று ஆள் விட்டால், “வந்துட்டிருக்கு” என்றார்கள். ஆறு நாற்பதுக்கு வந்தது. கட்டிட வேலைக்குப் போடும் சென்ட்ரிங் பலகை இரண்டு, ஓரத்தில் சிமென்ட் ஒட்டியபடி. மேடை மூன்றடி உயரம், பலகை எட்டடி நீளம். சாய்த்து வைத்துப் பையன் ஒருவன் நடுவில் கால் வைத்ததும் வில் மாதிரி வளைந்தது. அதன் மேல் என்னையும் நாற்காலியையும் ஏற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான்.

ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை தூக்கப்போகிறார். தம்பி மணையிலிருந்து என்னைப் பார்க்கிறான். கேட்டரிங் பையன்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். “அக்கா, பயப்படாதீங்க, சேரோடயே தூக்குறோம்.” நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு பேர் சக்கரத்தைப் பிடித்தார்கள், சக்கரம் சுழன்றது. ஒருவன் பிடித்த கைப்பிடி கழற்றக்கூடியது, கையோடு வந்துவிட்டது. முந்நூறு பேர் பார்க்க, ஒரு பக்கம் சாய்ந்தபடி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே போனேன். போட்டோகிராபர் “அக்கா, இங்க பாருங்க” என்றார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

முடிச்சு போட்டேன். கை நடுங்கியதில் இரண்டாவது முடிச்சு வழுக்கி, திரும்பப் போட்டேன். அதன் பிறகு பதினொரு மணி வரை கீழே இறங்கவே இல்லை. மறுபடியும் ஒருமுறை தூக்கப்பட எனக்கு மனசில்லை.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது எது தெரியுமா? மூன்றடி மேடைக்கு விதிப்படி முப்பத்தாறடி சாய்தளம் வேண்டும். சுவரோரமாக மடக்கி, நடுவில் ஒரு சமதளம் விட்டுக் கட்டலாம், இல்லையென்றால் சின்ன லிப்ட் வைக்கலாம். பழைய கூடத்தில் இரண்டும் இல்லாமல் இருப்பதைக்கூடப் புரிந்துகொள்வேன். “மேடைக்கு வழி இல்லை மேடம்” என்று அந்த மனிதர் முதல் போனிலேயே சொல்லியிருந்தால், மணவறையைக் கீழே கூடத்திலேயே போடச் சொல்லியிருப்போம். டெக்கரேஷன்காரர்கள் ஆறு அங்குல மேடை போட்டு அழகாகச் செய்து தருகிறார்கள். மூன்றடி அகலத்தில் ஆறடிப் பலகை வைத்தால் நானே என் கையால் ஓட்டி ஏறியிருப்பேன். அவர் சொன்ன பொய்க்குக் கொடுத்தது 3,500 ரூபாய் மட்டுமில்லை.

கணக்கு முடிக்கும் நாளில் ‘ராம்ப் 3,500’ அப்படியே நின்றது. போடவே இல்லையே என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நீங்கதான் மேடையில ஏறிட்டீங்களே மேடம்.”

நான் செய்தவை இவை. ரசீது, போர்டு போட்டோ, டேப் வைத்து அளந்த போட்டோ, கல்யாண வீடியோவில் அந்த நான்கு நிமிடம், வாட்ஸப்பில் அவர் ‘ஸ்டேஜ் ராம்ப் ஓகே மேடம்’ என்று அனுப்பியது, எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தகைதாரருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வார்த்தையும் இல்லாமல் 3,500 மட்டும் ஜிபேயில் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் ஒரு மனு, அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் போயிருக்கிறது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, அலமாரியில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, பொதுமக்கள் வந்து போகும் கட்டிடம் தனியாருடையதாக இருந்தாலும் பொதுக்கட்டிடம்தான். விதிப்படி கட்டாவிட்டால் அனுமதியும் நிறைவுச் சான்றிதழும் தரக்கூடாது. பழைய பொதுக்கட்டிடங்களை மாற்ற, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருடம் கெடு. 2022லேயே முடிந்தது. மீறினால் முதல் முறை பத்தாயிரம் வரை அபராதம், அடுத்தடுத்த முறை ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. அளவுகளெல்லாம் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த ஸ்டோர் ரூம் கதவில் நீலப் படம் பளிச்சென்று இருக்கிறது. மெரினா மணலில்கூடக் கடல் வரை சக்கர நாற்காலி போக 2022இல் மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பெயர்த்துப்போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். அலையடிக்கும் மணலில் முடிகிறது, சிமென்ட் தரையில் முடியாதாம்.

முன்பணம் கொடுக்கும் முன், தயவுசெய்து யாரையும் அனுப்பாமல் நாற்காலியோடு நீங்களே போங்கள். முடியாவிட்டால் போகிறவர் கையில் டேப் கொடுங்கள். ‘இருக்கா’ என்று கேட்காமல் ‘எத்தனை அடி’ என்று கேட்கச் சொல்லுங்கள். தரை உயரம், சாய்தள நீளம், மேடை உயரம், கழிப்பறைக் கதவைத் திறந்த பிறகு மிஞ்சும் இடைவெளி. அந்த இடைவெளி 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்றடி இருந்தால் நிம்மதி. கழிப்பறையைக் கண் முன்னால் திறந்து காட்டி, தண்ணீர் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கூடம் மாடியிலா கீழ்த்தளத்திலா என்பதையும் கேளுங்கள், சரக்கு லிப்டைக் காட்டிச் சமாளிப்பார்கள். எதைத் தருவதாகச் சொன்னாலும் ரசீதில் அளவோடு எழுதி வாங்குங்கள். ‘ராம்ப்’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு இரண்டு சென்ட்ரிங் பலகை வந்து நிற்கும். ‘நாலு பசங்க இருக்காங்க, தூக்கிடலாம்’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், அங்கே வழி இல்லை என்று பொருள். எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம் பிறக்கிறது, கார்த்திகையில் வளைகாப்பு. முதல் வளையல் நாத்தனார்தான் அடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் இப்போதே சொல்லிவிட்டாள். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நூறு பேர் உட்காரும் கூடம், மேடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே நாற்காலியோடு உள்ளே போய்வந்த இடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.