குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை: கோவை மருத்துவமனை ஒன்றின் சேவை

30 வாரத்தில் 1,300 கிராம் எடையுடன் பிறந்த என் தங்கை மகளை, ஒரு மாதம் நிறையும் முன் கோபியிலிருந்து கோவையிலுள்ள தனியார் கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்கு குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் விழித்திரை நோய் (ஆர்.ஓ.பி) இருக்கிறதா என்று 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்ப்பது நம் நாட்டு மருத்துவ வழிமுறை.

கண்மணி விரிய மருந்து விட்டு, குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, இமைகளைச் சிறு கருவியால் விலக்கிப் பிடித்து மருத்துவர் பார்த்தார். செவிலியர் குழந்தையின் வாயில் சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டு வைத்ததும் அழுகை தணிந்தது.

"இந்த நோய் ரத்தப் பரிசோதனையிலேயே தெரியாதுங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு மருத்துவர் தந்த விளக்கமே இச்சேவையின் சிறப்பு. ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி ரத்தத்தில் குறைந்திருக்கும்போது விழித்திரை ரத்தக்குழாய்களின் வளர்ச்சி தடைபடுகிறது. பின்னர் ஆக்சிஜன் போதாத பகுதியில், ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் என்னும் புரதம் மிகுந்து, புதுக்குழாய்கள் தாறுமாறாக முளைத்து விழித்திரையை இழுக்கின்றன. ஸ்வீடனில் உருவான வின்ரோப் கணிப்புமுறை முதலில் ஐ.ஜி.எஃப்-1 அளவையும் எடையேற்றத்தையும் சேர்த்தும், பிறகு எடையேற்றத்தை மட்டும் வைத்தும் ஆபத்தை மதிப்பிட்டது. ஆனால் நம் நாட்டில் சற்றுக் கூடுதல் எடையுடன் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதால், எந்த ரத்தக் குறியீடும் கண்ணை நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

பாலூட்டும் இடம் மிகக் குறுகல். மறுபரிசோதனைச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது பெரிய குறை; தேதி தவறினால் லேசர் சிகிச்சைக்குரிய காலமே கடந்துவிடக்கூடும் என்பதால், சத்தியமங்கலம், அந்தியூரிலிருந்து வருவோருக்காக அதைத் தமிழில் உடனே அச்சிட்டுத் தர வேண்டும்.