ஒரே தெருவில் இரண்டு விதப் போலீஸ்

2014 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள ஃபெர்குசனில், ஆயுதமில்லாத 18 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஊர் தெருவுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தின் மீது ஒரே வாரத்துக்குள் இரண்டு வழிகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

முதல் வழி செயின்ட் லூயிஸ் மாவட்டப் போலீஸுடையது. கவச வண்டிகள், ராணுவ வீரர்களைப் போன்ற உடை, நாய்கள், கண்ணீர்ப்புகை. பட்டப்பகலில் வண்டிக் கூரையிலிருந்து துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே கூட்டத்தை நோட்டமிட்டார்கள். கண்காணிக்கத்தான் என்றால் பைனாகுலர் போதாதா? கீழே நிற்பவர் கண்ணுக்குக் குழல்தானே தெரியும்! இதுவும் நாய்களும் பதற்றத்தைக் கூட்டின என்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2015இல் வெளியிட்ட ஆய்வே குறை சொன்னது.

ஆகஸ்ட் 14 அன்று ஆளுநர் ஜே நிக்சன் பொறுப்பை மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படைக்கு மாற்றினார். தலைமை ஏற்ற கேப்டன் ரான் ஜான்சன் அந்த வட்டாரத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். கவச வண்டிகள் ஒதுங்கின. அவர் ஊர்வலத்தோடு நடந்தார். அன்றிரவு தெரு அமைதியாக இருந்தது.

அந்த அமைதி ஒரு நாள்கூட நீடிக்கவில்லையே என்பார்கள் முதல் வழியின் ஆதரவாளர்கள். உண்மைதான். ஆனால் நடுவில் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலை ஃபெர்குசன் போலீஸ், பிரவுன் ஒரு கடையில் திருடியதாகக் கூறும் காணொளியை வெளியிட்டது. தனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்றார் ஜான்சன். அன்றிரவே கடைகள் சூறையாடப்பட்டன. அடுத்து ஊரடங்கு, கண்ணீர்ப்புகை, 18ஆம் தேதி ராணுவத்தின் ரிசர்வ் பிரிவான தேசியக் காவல் படை. ஜான்சன் சேர்த்த நம்பிக்கையை இன்னொரு அலுவலகம் ஒரே காலையில் செலவழித்தது என்றே இதைப் படிக்கிறேன்.

தளவாடங்களின் கதை தனி. ராணுவத்தின் உபரிப் பொருட்கள் உள்ளூர்ப் போலீஸுக்குப் போகும் திட்டம் 1990களிலிருந்தே உண்டு. ஃபெர்குசனுக்குப் பிறகு, 2015இல், அந்தப் பட்டியலிலிருந்து ஒபாமா அரசு நீக்கியவற்றில் கையெறிகுண்டு ஏவிகளும் துப்பாக்கி முனை ஈட்டிகளும் இருந்தன. போலீஸுக்கு ஈட்டி எதற்கு? 2017இல் டிரம்ப் அரசு அந்தக் கட்டுப்பாடுகளை ரத்து செய்தது.

நான் ஜான்சன் கட்சி. ஆனாலும் அவருடைய வழி எட்டாத இடம் ஒன்று உண்டு. 2015 மார்ச்சில் நீதி அமைச்சகத்தின் இன்னோர் அறிக்கை, ஃபெர்குசன் நகராட்சி வருமானத்துக்காக அபராதங்களை நம்பியிருந்ததையும் மேலும் அபராதம் போடும்படி போலீஸை நெருக்கியதையும் எழுதியது. அதில் பெரிதும் சிக்கியவர்கள் கறுப்பின மக்கள். ஊர்வலத்தில் அவரோடு நடந்தவர்கள் வீடு திரும்பியது அந்த அபராதச் சீட்டுகளிடம்தான்.