காலிங் பெல் சரியாவதற்கு மூன்று வாரம்

நேற்று தம்பி வீட்டுக் காலிங் பெல்லைச் சரிசெய்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தோழி கேட்கிறாள்: "என் மகனுக்குப் பராமரிப்பு இல்லமா, உதவியாளர் வந்துபோகும் தனி வீடா?" கோபம் இன்னும் ஆறவில்லை, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ள தம்பி 6 வருடம் பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். இந்த 4 வருடமாக வாடகை வீடு, கூட இப்போது இரண்டு பேர், முறை வைத்து வரும் உதவியாளர்கள்.

இல்லத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மாத்திரையோ ஒழுகும் குழாயோ, எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். ஆனால் அங்கே அறையும் பராமரிப்பும் ஒரே கட்டு. கவனிப்பு பிடிக்காவிட்டால் அறையையும் விட வேண்டும். இங்கே வாடகை ஒப்பந்தம் தம்பி பெயரில், உதவிக்கான ஒப்பந்தம் தனி. ஒருமுறை உதவியாளர்களை அனுப்பும் உதவி அமைப்பையே மாற்றினோம், அவன் கட்டில்கூட நகரவில்லை.

தலைவலியும் அதே பிரிவினைதான். பெல் கேட்டு வாங்கியது உதவி அமைப்பு, அவர்களே பார்க்கட்டும் என்றார் வீட்டுக்காரர். சுவரில் பதித்ததெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றது அமைப்பு. நானே ஒன்று வாங்கி மாட்டலாமென்றால், ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி வேண்டுமாம்!

ஒரு பெல்லுக்கு இவ்வளவா என்று தோன்றும். உதவியாளர் பெல் அடித்துவிட்டு வெளியே நிற்பார். தம்பி மெதுவாகப் போய், "யாரு?" என்பான். யாரென்று அவனுக்குத் தெரியும். பதில் வந்த பிறகுதான் திறப்பான். இல்லத்தில் தட்டும்போதே கதவைத் திறந்துவிடுவார்கள். இந்த மூன்று வாரமும் இங்கேயும் மாற்றுச் சாவி போட்டு நேராக உள்ளே வந்தார்கள்.

எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டும் என்கிறது 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. போன வருடம் இந்த வீட்டுக்கு மூன்றாவது ஆள் வந்தபோது தம்பியை யாரும் கேட்கவில்லை. தனி வீடு என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். "24 மணி நேர உதவி" என்றால், அதில் அவனுக்கு மட்டுமே எத்தனை மணி, மூவருக்கும் பொதுவாக எத்தனை, ராத்திரி ஆள் விழித்திருப்பாரா தூங்குவாரா என்று கேளுங்கள். எந்தப் பழுதுக்கு யார் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

தோழிக்கு "இல்லம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "அப்போ தம்பியைத் திரும்ப அங்கே விடுவியா?" என்றாள். அது வேறு கதை. பெல் பழுதுக்கான பில்லை யாருக்கு அனுப்புவது என்று இப்போது புதுச் சண்டை ஆரம்பித்திருக்கிறது.