42 கீ ஸ்பிளிட் கீபோர்டு: ‘ச’ எங்கே போச்சு?

“விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?” என்று நண்பர் கேட்டார். ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்கிற சாமான் இல்லை இது. 42 கீ மட்டுமே உள்ள கீபோர்டு, கோர்னே வகை, இரண்டு துண்டு, கியூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள் ஓடும், நாமே மாற்றக்கூடிய மென்பொருள்). மற்ற விவரமெல்லாம் கடைப் பக்கத்திலேயே இருக்கும். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிக்கிறவருக்குத் தேவையான சங்கதி மட்டும் அங்கே இருக்காது.

தமிழ்99-இல் ‘பி’ (P) கீக்கு வலப்பக்கம் உள்ள இரண்டு சதுர அடைப்புக் கீகளில்தான் ச, ஞ இருக்கின்றன. 42 கீ பலகையிலோ ‘பி’க்கு வலப்பக்கம் ஒரே ஒரு கீ, அதிலும் வழக்கமாக பேக்ஸ்பேஸ். பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கிவிட்டு அங்கே ‘ச’வை உட்காரவைக்கலாம். சுண்டுவிரலுக்கும் அது நல்லதுதான். ஞ-வுக்கு காம்போ போட வேண்டும், அதாவது இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் வேறொரு எழுத்து. பலரும் முதலில் ஓ+பி ஜோடியைத்தான் எடுப்பார்கள். ‘வண்டி’ என்று அடித்ததும் உடைந்துவிடும், ஏனென்றால் ண்ட என்பதே பி, ஓ இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டுவதுதான். யு+ஐ ஜோடியும் உதவாது, ‘ன்று’ வராத பத்தி ஏது? பி-யும் அதன் கீழுள்ள அரைப்புள்ளிக் கீயும் (ண, ந) சரிப்படும். ஒரே விரலால் இரண்டுக்கும் நடுவில் அழுத்தினால் போதும். ‘மணநாள்’ போன்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும், ஒரே விரல் நகர வேண்டியிருப்பதால் காம்போவுக்கு இயல்பாக உள்ள 50 மில்லிநொடிக்குள் விழாது.

இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. நிஜமான தலைவலி ஹோம் ரோ மோட், அதாவது விரல் குந்தியிருக்கும் வரிசையின் எழுத்துக் கீகளுக்கே கன்ட்ரோல் போன்ற வேலையையும் கொடுப்பது. ‘டி’ (D) கீயை அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல், தட்டினால் எழுத்து. ஆங்கிலத்தில் ஓரளவு ஒழுங்காக நடக்கும். தமிழ்99-இல் ‘டி’ என்பது உகரம். பர்மிசிவ் ஹோல்டு (ஒரு கீ கீழே இருக்கும்போது இன்னொன்றைத் தட்டி எடுத்தால் முதலாவதைப் பிடித்ததாகவே கொள்ளும் அமைப்பு) போட்டிருந்து, ‘டி’யை விடுவதற்குள் அடுத்த மெய்யைத் தட்டி எடுத்துவிட்டால், ‘துணி’ அடிக்கும்போது பிரிண்ட் பெட்டி வரும். ‘குடி’ அடித்தால் ஃபைல் திறக்கும் பெட்டி. ‘துறை’க்கு பிரௌசரில் பக்கத்தின் மூல நிரல் திறக்கும்! இதற்குப் பரிந்துரைக்கப்படும் கார்டல் ஹோல்டு, ஒரே கை கீகள் சேர்ந்து விழுந்தால்தான் எழுத்தாக எடுக்கும். தமிழ்99-இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அமைப்பின் அழகே அந்த மாற்றி மாற்றி அடித்தல்தான். கார்டல் ஹோல்டு தோற்பதும் அங்கேதான்.

காப்பாற்றியது 2025-இல் கியூஎம்கே-யில் சேர்ந்த ஃப்ளோ டேப். முந்தைய கீக்குப் பின் 150 மில்லிநொடிக்குள் விழும் கீயை அது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆங்கில எழுத்துகள், ஸ்பேஸ், சில நிறுத்தற்குறிகள் மட்டுமே அதன் பட்டியலில். சதுர அடைப்புகளும் ஒற்றை மேற்கோளும் இல்லை. அதாவது ச, ஞ, ய மூன்றுக்கும் பாதுகாப்பு கிடையாது. ‘சுடு’ மறுபடியும் ஃபைல் பெட்டியைத் திறக்கும். கீமேப்பில் (எந்தக் கீ என்ன செய்யும் என்று எழுதும் கோப்பு) அந்தப் பட்டியல் ஃபங்க்ஷனை எழுதி மூன்றையும் சேர்த்தால்தான் அடங்கும். இதற்கும் விலை உண்டு: வரியை முடித்த வேகத்தில் சேமிக்க, வலக்கைக் கன்ட்ரோலான ‘கே’யைப் பிடித்து ‘எஸ்’ தட்டினால் நிரலுக்குள் ‘கேஎஸ்’ (ks) என்ற இரண்டு எழுத்து விழுந்து கிடக்கும். கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி அழுத்தப் பழக வேண்டும்.

வாங்கும்போது ஆர்பி2040 சிப் உள்ளதாகப் பாருங்கள். பழைய ப்ரோ மைக்ரோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் ஃபர்ம்வேருக்கு 28 கேபி-தான். விளக்கு, திரை, காம்போ எல்லாம் சேர்ந்தால் இடம் போதாது. இரண்டு துண்டையும் இணைக்கும் டிஆர்ஆர்எஸ் கேபிளை (ஹெட்ஃபோன் முனை போன்றது) யுஎஸ்பி சொருகியிருக்கும்போது பிடுங்கவே கூடாது. முனை வெளியே வரும் வழியில் மின்சாரத் தொடுப்பும் எர்த்தும் உரசி ஷார்ட் ஆகி, போர்டு போய்விடலாம்.

மணிக்கட்டுக்கு என்ன பலன்? துண்டுகளைத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்து, உள்விளிம்பை 10 முதல் 15 டிகிரி தூக்கினால், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைவது நிற்கும், முன்கை முறுக்கும் குறையும். மேசை உயரமாக இருந்தால் இதில் பாதிகூடக் கிடைக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகிறதென்றால் கீபோர்டு தேடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

எதிர்பாராத சுகம் சிம்பல் லேயர், அதாவது ஒரு கீயைப் பிடித்திருந்தால் எழுத்துக் கீகள் குறிகளாக மாறும் அடுக்கு. எல்லா அடைப்புக்குறிகளும் விரல் குந்தியிருக்கும் வரிசையிலேயே. அம்புக்குறிகள் வலக்கையின் கீழேயே. நிரல் எழுதும்போது கை இடத்தைவிட்டு எழுவதே இல்லை. இதற்குப் பழகியபின் லேப்டாப் கீபோர்டு எரிச்சல் தருகிறது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: 42 வேண்டாம், 58 கீ உள்ளதாக வாங்குங்கள். இதை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.