போட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? 7,800 ரூபா போன கதையைக் கேட்டுட்டுப் போங்க

வயித்தெரிச்சல்ல எழுதுறேன். முழுசா 7,800 ரூபா.

மீன்பிடித் தடைக்காலத்துல மண்டபம் ஊர்ல போட்டைக் கரையேத்தி பெயின்ட் அடிக்கிறப்ப, கேபினுக்கு ரெண்டு ஸ்பீக்கர் மாட்டலாம்னு ராமநாதபுரம் டவுனுக்குப் போனேன். கார் ஆடியோ கடை. போட்டுக்குன்னு சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் தண்ணி பாட்டிலைத் திறந்து, பாடிக்கிட்டிருந்த ஸ்பீக்கர் மேலயே கவுத்தினார். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது, பாட்டு நிக்கலை. “அண்ணே, கடலுக்குள்ள தூக்கிப் போட்டாலும் பாடும்”னார். டீ வேற வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிச்சுக்கிட்டே 7,800-ஐ எண்ணி வச்சேன். பெட்டியைத் திருப்பிப் பாக்கத் தோணலை.

தடை முடிஞ்சு ஜூன் 15-க்கு அப்புறம் நாலாவது தடவை கடலுக்குப் போனப்பவே கரகரன்னு தொண்டை கட்டிருச்சு. கழட்டினா உள்ள காகிதக் கூம்பு! நனைஞ்ச அப்பளமா உப்பி, விரல் பட்டா பிஞ்சு வருது. காந்தத்தைச் சுத்தித் துரு. ஸ்குரூவைத் திருப்பினா தலை மட்டும் கையோட வருது.

போன் பண்ணினா, “வயர் லூஸா இருக்கும்ணே.” பஸ் ஏறி நேர்ல போனா, “முதலாளி மதுரை போயிருக்கார்.” மூணாவது தடவை முதலாளியே, “உப்புத்தண்ணி பட்டிருக்கு, வாரன்டி வராது”ங்கறார். போட்டுல மாட்டினா கண்மாய்த் தண்ணியா படும்? பில்லுன்னு கொடுத்ததும் வெறும் எஸ்டிமேட் சீட்டு.

தங்கச்சி மகன்தான் பெட்டியைப் படிச்சுக் காட்டினான். ஐபிஎக்ஸ் 4-னு போட்டிருக்கு, எவ்வளவு தண்ணி தாங்கும்னு சொல்ற நம்பராம். தண்ணி தெறிச்சாத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ் 7-னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கணுமாம். அதுவும் நல்ல தண்ணியில வச்சுப் பாக்குறது. உப்புக்கும் வெயிலுக்கும் அந்த நம்பர் பேசாது.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஓடலை. காகிதக் கூம்பு வேண்டவே வேண்டாம், பாலிபுரப்பிலீன்ங்கற பிளாஸ்டிக் கூம்பாக் கேளுங்க. ஸ்குரூ ஸ்டெயின்லெஸ்தானான்னு பாருங்க. உப்புத்தண்ணிக்கும் வாரன்டி உண்டுன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. அப்புறம், காம்பஸ் பக்கத்துல மாட்டிராதீங்க, ஸ்பீக்கர் காந்தம் முள்ளை இழுத்துரும்.

நாளைக்கு மறுபடி கடலுக்குப் போறோம். 7,800 ரூபாய்க்கு கேபின்ல ரெண்டு ஓட்டைதான் மிச்சம். தண்ணி அடிக்காம இருக்க பழைய கைலியைக் கிழிச்சு அடைச்சு வச்சிருக்கேன்.