டென்ட்டைத் தார்ப்பாய் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மலையேறும் நண்பர்கள் யாராவது நல்ல டென்ட்டை வடசென்னையில் தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுக்க நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். நான் கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது பனியையும் காற்றையும் தாங்குகிற நான்கு பருவ டென்ட். மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கியது. வெளித்துணி நைலான், இரண்டு பக்கமும் சிலிகான் பூச்சு. சிலிகான் மேல் சிலிகானைத் தவிர வேறு எதுவும் சரியாக ஒட்டாது. தையல் வழியாகத் தண்ணீர் கசிந்தால் அதற்கென்று உள்ள சிலிகான் பசையைத்தான் தடவ வேண்டும்.

போன வருடம் ஒரு பக்கம் தையல் விட்டுப்போனது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு டெய்லர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மெஷினுக்கு ஆகாதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மையின் மதிப்பு அன்று எனக்குத் தெரியவில்லை. நேராக மண்ணடிக்குப் போனேன். "லாரி தார்ப்பாயே தைக்கிறோம், இது என்ன தம்பி?" என்றார் கடைக்காரர். சிலிகான் டியூபையும் நானே வாங்கிக் கொடுத்து, "இதைத்தான் தடவணும்ண்ணே" என்று இரண்டு முறை சொன்னேன். நான்கு நாளில் வேலை முடிந்தது. பில் 2,800 ரூபாய், அதில் 'சிலிகான் பூச்சு' என்று தனியாக 900.

செப்டம்பரில் மணாலிக்கு மேலே பியாஸ் குண்டில் கூடாரம் போட்டோம். 3,500 மீட்டருக்கு மேலே உள்ள இடம். ராத்திரி மழை பிடித்ததும் தைத்த ஓரம் முழுக்கச் சொட்டியது. நண்பனின் இறகு அடைத்த தூக்கப் பை நனைந்துவிட்டது. நனைந்த இறகு சூடு தராது. விடியும்வரை அவன் பல் கிட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

காலையில் தையலை நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக ஒரு படலம், வெந்த கிழங்குத் தோல் மாதிரி, முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் பசை! அதற்கடியில் தடித்த ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. டென்ட் பையின் அடியில் நான் கொடுத்த டியூப் கிடந்தது. மூடியைத் திருகினால் உள்ளே வெள்ளித்தாள் அப்படியே இருக்கிறது, ஒரு துளைகூட இல்லை.

திரும்பி வந்து கேட்டதற்கு, "மலையில இழுத்துக் கட்டினா அப்படித்தான் தம்பி" என்றார். டியூபைக் காட்டினேன். அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு ரூபாய் தரவில்லை.

உங்கள் டென்ட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். துணியில் சாதாரண செலோ டேப்பை ஒட்டுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் பெரும்பாலும் சிலிகான். தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் இன்னொரு வகையான பாலியூரித்தேன் பூச்சு என்றால் அதற்குத் தனிப் பசை. யார் செய்தாலும் கூட நின்று பாருங்கள். ரிப்பேர் முடிந்து திரும்ப வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் ரயிலேறினேன்.

இன்னொன்று. நம் பக்கம் கடல் காற்று. ஈரத்தோடு இறுக்கிச் சுருட்டி பீரோவில் வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து நாறும். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. கையால் அலசி, நிழலில் உலர்த்தி, பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். அலுமினியக் கம்பிகளை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்தால் உப்பு அரிக்காது.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் பில் வேண்டும். கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ராயபுரம், பெரம்பூர் பக்கம் சிலிகான் நைலானை மெல்லிய ஊசியில் தைக்கத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். ஒட்டிய பசையை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.